அறிவிப்பும் அரணாகும்

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து இறங்கியது. வ.உ.சி. நகரில் வீடொன்று புதையுண்டு, குழந்தைகள் ஐவர் உட்பட எழுவர் உயிரிழந்தனர்.

காற்றின் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது கொள்ளும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். ஆகவே புவி வெப்பமடையுந்தோறும், குறுகிய நேரத்தில் பெருமழை கொட்டும் வாய்ப்பு மிகுகிறது. ஒரு புயலுக்குக் காலநிலை மாற்றம் மட்டுமே காரணம் எனத் துணிந்துரைக்க இயலாது. எனினும், பெருமழை வலுத்து வருவது அறிவியல் காட்டும் உண்மை. நீரூறிய சரிவில் மண் பிடிப்பை இழந்து, பாறைகளோடு இறங்குகிறது.

மழையைத் தடுக்க இயலாது. முன்னறிந்து விலக இயலும். இந்திய வானிலை ஆய்வுத்துறையின் எச்சரிக்கைகளில் மஞ்சள் 'கவனமாயிரு' என்றும், ஆரஞ்சு 'ஆயத்தமாயிரு' என்றும், சிவப்பு 'செயல்படு' என்றும் பொருள்படும். அந்நிறம் மாவட்டத்தின் பெயரைச் சொல்லும். தெருவின் பெயரைச் சொல்லாது. மலையடிவாரத்தில் வாழ்வோர்க்கும் ஏரிக்கரையில் வாழ்வோர்க்கும் நேரும் இடர் ஒன்றன்று. தம் தெருவுக்கு அந்நிறம் உணர்த்தும் பொருளை ஊரார் அறிந்திருந்தால்தான் அறிவிப்பு அரணாகும். அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று மகாதீபம் ஏற்றப்பட்டபோது, வல்லுநர் ஆய்வுக்குப் பின் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. அறிவிப்பு செயலானதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

கற்பவை கற்றபின்: உங்கள் தெருவில் மழைநீர் செல்லும் வழியையும், சிவப்பு எச்சரிக்கை நாளில் முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லத்தக்க பாதுகாப்பான இடத்தையும் குறித்து வரைபடம் வரைக.