மாணவர் மனநலம்: பொறுப்பு யாருடையது?

பள்ளிச் சிறாரின் உடல்நலம் பேணுவது அரசின் கடமை என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கொள்கையாகும். மதிய உணவும் மருத்துவப் பரிசோதனையும் அதன் பயனே. மாணவரின் மனநலமும் அதே அளவு கவனத்திற்கு உரியது என்னும் கருத்து இப்போது வலுப்பெற்று வருகிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயிலும் சுமார் 3.8 லட்சம் மாணவரிடம் நாடெங்கும் கருத்துக் கேட்டது. படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு ஆகியவையே கவலைக்குக் காரணம் என 81 சதவீதத்தினர் கூறினர்.

இக்கவலைக்குப் பள்ளியிலேயே செவிசாய்ப்பவர் யார்? 2020இல் தொடங்கப்பட்ட பள்ளி நலவாழ்வுத் திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை இப்பணிக்குத் தேர்ந்து பயிற்சி அளிக்கிறது. இருக்கும் ஆசிரியரைக் கொண்டே பணியை நிறைவேற்றுவது சிக்கனமான வழியே. அது மட்டும் போதுமா என்பதை பீகாரில் நடந்த ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது.

நாளந்தா ஆய்வு

நாளந்தா மாவட்டத்தின் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகள் 'சேஹர்' எனப்படும் இவ்வாய்வுக்காக மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. முதல் பிரிவில், உளவியல் பட்டம் பெறாத, ஆனால் இதற்கெனப் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் பள்ளிதோறும் நியமிக்கப்பட்டார். இரண்டாம் பிரிவில் அதே பணி ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்றாம் பிரிவில் வழக்கமான கல்வித் திட்டம் மட்டுமே நடைபெற்றது. காலை வணக்கக் கூட்டத்தில் உரை, சுவர் இதழ், மாணவர் குழு, குறைகளை எழுதிப் போடும் பெட்டி, தனி ஆலோசனை ஆகியவை பணியில் அடங்கின.

முடிவுகள் 2018இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயின. ஆலோசகர் பணியாற்றிய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வின் அறிகுறிகளும் மாணவரிடையே துன்புறுத்தலும் குறைந்தன. ஆசிரியரிடம் விடப்பட்ட பள்ளிகளிலோ குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை.

இதனை ஆசிரியர் மீதான குறையாகக் கொள்ளலாகாது. பாடம், தேர்வு, பதிவேடு ஆகியவற்றுக்கிடையே மற்றொரு பணியும் சேரும்போது அது கடைசி இடத்தையே பெறும். மேலும், மதிப்பெண் இடுபவரிடமே மனக்குறையைக் கூற மாணவர் தயங்குவதும் இயல்பே.

சட்டமும் நடைமுறையும்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

எனினும் சிற்றூர்ப் பள்ளிகள் அனைத்துக்கும் உளவியல் வல்லுநர் உடனே கிடைப்பது அரிது. அதுவரை உள்ளூர்ப் பட்டதாரிகளைப் பயிற்றுவித்து அமர்த்துவது இயலக்கூடியதே. கடும் பாதிப்புக்கு உள்ளானவர்களை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பும் வழிமுறையும், ஆலோசகருக்குத் தொடர் மேற்பார்வையும் உடன் அமைதல் வேண்டும். துயருறும் மாணவனிடம் ஆசிரியர் காட்டும் பரிவு என்றும் இன்றியமையாதது. ஆயினும் செவிசாய்ப்பதையே முழுநேரப் பணியாகக் கொண்ட ஒருவருக்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் ஒதுக்கினாலன்றி, சுற்றறிக்கைகள் பலன் தாரா.