பாட்டியின் பெட்டி: வீட்டிலேயே ஒரு மர்ம விருந்து

பத்து காஜாவுக்கும் கோப்பேங்கிற்கும் இடையிலான சாலையில் முற்றுப்பெறாத மாளிகை ஒன்று நிற்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்டத்துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915ஆம் ஆண்டில் அதனைக் கட்டத் தொடங்கினார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அதன் கட்டுமானத்தில் உழைத்தனர். 1926ஆம் ஆண்டில் ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார். கட்டுமானம் நின்றுபோனது. இன்று அங்குச் செல்வோர் மறைவான வழிகளையும் மின்தூக்கிக்காக விடப்பட்ட இடத்தையும் பார்த்து வியக்கின்றனர். அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் சிலைகளுக்கிடையே மேல்நாட்டு உடையணிந்த ஓர் உருவமும் நிற்கிறது. ‘இவர் யார்? இங்கு ஏன் நிற்கிறார்?’ என்று கேட்காதவர் இல்லை.

மாணவர்களே, மர்மம் என்பது இப்படித்தான் தொடங்குகிறது. விடை தெரியாத ஒரு கேள்வி நம்மை அடுத்த படிக்கு இழுத்துச் செல்கிறது. புதிர் போட்டு மகிழ்வது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் விடுகதையைப் ‘பிசி’ என்று பெயரிட்டு இலக்கிய வகைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. 2007ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோட்டோ நகரில், ஓர் அறைக்குள் புதிர்களை விடுவித்து வெளியேறும் விளையாட்டு நடத்தப்பட்டது. பின்னர், அத்தகைய விளையாட்டு உலகின் பல நகரங்களுக்கும் பரவியது. அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். நம் வீட்டிலோ, வரவேற்பறையும் சில தாள்களும் ஒரு பாட்டியும் இருந்தால் போதும்.

பாட்டி எதற்கு? பேராக்கில் வாழும் நம்மில் பலரின் குடும்பங்கள் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவை. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில, வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடுகளைவிட்டு மக்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அந்த வாழ்க்கை இன்று பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. ஆகவே, அந்த நினைவையே சாவியாக வைத்து ஒரு விளையாட்டை அமைப்போம். அதன் பெயர் ‘பாட்டியின் பெட்டி’.

முடிவிலிருந்து தொடங்குக

மர்ம விளையாட்டை அமைப்பவர் முதலில் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். நம் விளையாட்டின் முடிவு, நான்கு இலக்க எண் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. அதனுள் என்ன இருக்கிறது என்பது பாட்டிக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரியும். பூட்டைத் திறக்கும் எண்ணை மூன்றாம் புதிர் தரும். மூன்றாம் புதிர் இருக்கும் இடத்தை இரண்டாம் புதிர் காட்டும். இரண்டாம் புதிரை முதல் புதிர் காட்டும். இவ்வாறு பின்னோக்கித் திட்டமிட்டால் சங்கிலி எங்கும் அறுந்துபோகாது.

முதல் புதிர்: விடுகதை

உறவுக்காரப் பிள்ளைகள் வந்து அமர்ந்ததும் இந்த விடுகதையைப் படித்துக் காட்டுக:

‘மரத்தின் இடுப்பில் அமர்ந்திருப்பேன்;
விடியலில் வெறும் வயிறு, வெயில் ஏறினால் வெள்ளை வயிறு.
நான் யார்?’

இரப்பர் மரத்திலிருந்து வடியும் பாலை ஏந்தும் கிண்ணமே விடை. அதற்குத் தோட்டத்தில் வழங்கிய பெயர் என்ன? பிள்ளைகள் பாட்டியிடம் ஓட வேண்டும். “மங்குடா கண்ணு! ஒவ்வொரு மரத்துலயும் ஒன்னு இருக்கும்,” என்று பாட்டி சொல்வார். சமையலறையில் கவிழ்த்து வைத்த கிண்ணம் ஒன்றில் ‘மங்கு’ என்று எழுதி ஒட்டியிருப்பீர்கள். அதன் அடியில் இரண்டாம் புதிர் காத்திருக்கும்.

இரண்டாம் புதிர்: எண் எழுத்து

தமிழின் எழுத்து வரிசை, இரகசியச் செய்தி எழுதுவதற்கு மிகவும் ஏற்றது. மெய்யெழுத்துகள் 18, உயிரெழுத்துகள் 12. முதலில் மெய்யின் எண்ணையும் அடுத்து உயிரின் எண்ணையும் எழுதினால் ஓர் உயிர்மெய் எழுத்து கிடைக்கும். ‘ப்’ ஒன்பதாவது மெய். ‘ஆ’ இரண்டாவது உயிர். எனவே, 9-2 என்பது ‘பா’. உயிர் சேராத மெய்யாயின் இரண்டாம் எண் சுழியமாகும். ஆகவே, ‘பால்’ என்னும் சொல்லை 9-2, 13-0 என்று எழுதலாம்.

பிள்ளைகளுக்குக் கிடைக்கும் தாளில் 1-5, 5-9 என்று மட்டும் எழுதியிருக்கும். அந்தப் பொருளுக்குள்தான் மூன்றாம் புதிர் உள்ளது. விடையை நீங்களே கண்டுபிடியுங்கள். மழை பெய்தால் பால்வெட்டுத் தடைபடும் என்பது ஒரு சிறு குறிப்பு!

மூன்றாம் புதிர்: நான்கு ஆண்டுகள்

பாட்டியின் வாழ்க்கையில் முக்கியமான நான்கு ஆண்டுகளைத் தமிழ் எண்களில் ஒரு தாளில் எழுதுக: பிறந்த ஆண்டு, பள்ளியில் சேர்ந்த ஆண்டு, திருமண ஆண்டு, தோட்டத்தைவிட்டு வெளியேறிய ஆண்டு. எது எந்த ஆண்டு என்று எழுதக் கூடாது. தமிழ் எண்களின் அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். ‘பெரட்டுக்களத்தில் கடைசியாக நின்ற ஆண்டே சாவி’ என்று தாளின் கீழே எழுதுக. மற்ற மூன்று ஆண்டுகளும் திசைதிருப்பும் தடயங்கள். சரியான விடை எந்தக் கைப்பேசியிலும் கிடைக்காது. பாட்டியிடம் அமர்ந்து, அவர் கதையைக் கேட்டால்தான் கிடைக்கும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

விளையாட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். முன்னதாகவே பாட்டியின் ஒப்புதலைப் பெற வேண்டும். அவர் பேச விரும்பாத துயர நினைவுகளைப் புதிராக்கக் கூடாது. விளையாட்டை அமைக்காத ஒருவரை முதலில் விளையாடச் செய்து, புதிர்கள் புரிகின்றனவா என்று சோதிக்க வேண்டும். தடுமாறும் குழுவிற்கு உதவ மூன்று குறிப்பு அட்டைகளைத் தயார் செய்க. அடுப்பு, மின்செருகி போன்றவற்றின் அருகில் எதையும் ஒளித்து வைக்காதீர். எவரையும் அறைக்குள் வைத்துப் பூட்டாதீர்.

பெட்டிக்குள் என்ன?

பூட்டுத் திறந்ததும் பெட்டிக்குள் இருப்பது ஒரு பழைய புகைப்படம். லயத்து வாசலில் பலர் வரிசையாக நிற்கின்றனர். பின்புறத்தில் எந்தப் பெயரும் இல்லை. படத்துடன் ஒரு பென்சிலும் இருக்கும். இதுவே கடைசிப் புதிர்: இவர்கள் யார்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். அவர் விரல் வைத்துக் காட்டக் காட்ட, பிள்ளைகள் ஒவ்வொரு பெயரையும் பின்புறத்தில் எழுத வேண்டும். கெல்லி மாளிகையைக் கட்டிய துரையின் பெயர் நமக்குத் தெரிகிறது. கல் சுமந்தவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? இன்று கேட்டு எழுதாவிட்டால், நாளை எந்தத் துப்பறிவாளராலும் அந்தப் பெயர்களை மீட்க முடியாது. அதன்பின், முறுக்கும் தேநீரும் பரிமாறலாம். விருந்து அப்போதுதான் தொடங்கும்.

அருஞ்சொற்பொருள்

லயம் – தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்
மங்கு – இரப்பர்ப் பாலை ஏந்தும் கிண்ணம்
பெரட்டுக்களம் – அதிகாலையில் தொழிலாளர்களின் பெயரைக் கூப்பிட்டு வருகையைப் பதியும் இடம்

நடவடிக்கை

1. இரண்டாம் புதிரின் விடையைக் கண்டறிந்து எழுதிடுக.
2. உமது பெயரை எண் எழுத்தில் எழுதி, நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் செய்திடுக.
3. உம் குடும்பப் பெரியவர் ஒருவரிடம் அவர் இளமையில் பயன்படுத்திய பொருள் ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து, அதனை விடையாகக் கொண்ட விடுகதை ஒன்றை உருவாக்கிடுக.