நாற்பதில் ஆங்கில ஆசிரியை ஆகலாமா?

கேள்வி: கணக்கர் வேலையை விட்டு, வெளிநாட்டினருக்கு ஆங்கிலம் கற்பிக்க ஆசை. வயது 40. தடம் மாறலாமா?
– வாசகி, டோபி காட், சிங்கப்பூர்

பதில்: தாராளமாக. இந்தத் தொழிலுக்கு நேர்வழியில் வந்தவர்கள் குறைவு. இசையமைப்பாளராக விரும்பிய ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி பர்ஜெஸ், ராணுவம், பள்ளிக்கூடம் என்று சுற்றி, 1954இல் உங்கள் பக்கத்து மலாயாவின் கோலகங்சார் மலாய்க் கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். பாடம் நடத்தியபடியே மலாயும் கற்றார், அரபு வடிவிலான ஜாவி எழுத்து உட்பட. எனக்குப் பிடித்தது அதுதான்: இன்னொரு மொழியோடு மல்லாடியவருக்கே மாணவரின் திணறல் புரியும். (ஆங்கிலத்தைப் படித்தே கற்ற நமக்கு அது பலம்.)

வேலையை உடனே விடாதீர்கள். ஆங்கிலம் கற்பிப்போருக்கான கேம்பிரிட்ஜின் செல்டா (CELTA) சான்றிதழுக்குக் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். பகுதிநேரமாகவும் படிக்கலாம். முதலில் அதை முடியுங்கள்.