ஒரே கூட்டில் இரண்டு முயல்கள்

இடம்பெயர்ந்த இரு உறவுக் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் சேரும்போது, பிள்ளைகள் தூக்கிவந்த முயல்களும் சேரவேண்டி வருகிறது. இரண்டு கூடு வைக்க இடமில்லை. ஒன்றைக் கொடுத்துவிடப் பிள்ளைகளுக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். புதிதாக வந்த முயலை அன்றிரவே பழைய முயலின் பெட்டிக்குள் விட்டோம். விடிந்து பார்த்தால் ஒன்றின் காது கிழிந்திருந்தது. மற்றதன் வயிற்றில் ஆழமான கடி. இரண்டும் கிடாய்கள் என்பதைக்கூட அதன் பிறகுதான் பார்த்தோம். பிழை முயல்களுடையதல்ல, எங்களுடையது.

வீட்டு முயலின் மூதாதையான ஐரோப்பியக் காட்டு முயல் நிலத்தடி வளைகளில் கூட்டமாக வாழ்வது. ஆகவே முயலுக்குத் துணை வேண்டும். ஆனால் தன் மணம் படிந்த இடத்தைத் தன்னுடையதென்று அது காக்கும். அங்கே திடீரென வேறொன்று வந்தால் கடிக்கும்.

எந்தச் சோடி?

நலமடித்த கிடாயும் பெட்டையும் இலகுவில் சேரும். நலமடிக்காத இரு கிடாய்கள் பருவத்துக்கு வந்ததும் சண்டையிடும். நலமடிக்காத கிடாயைப் பெட்டையுடன் விட்டால் ஏறத்தாழ 31 நாளில் குட்டிகள் பிறக்கும். ஈன்ற அன்றே பெட்டை மீண்டும் சினைப்படலாம். அத்தனைக்கும் புல்லும் இடமும் உங்களிடம் உண்டா என்று யோசியுங்கள். நலமடிப்பதை மிருக வைத்தியரே செய்யவேண்டும். செய்த பின்பும் 4 முதல் 6 வாரம் வரை கிடாயைப் பெட்டையுடன் விடவேண்டாம்.

பழக்கும் முறை

1. ஒரே பெட்டியை நடுவில் மறித்தாலும் போதும். நாலு விரல் இடைவெளி விட்டு இரண்டு கம்பிவலை அடியுங்கள். ஒரே வலையானால் மூக்கைக் கடித்துவிடும். இரண்டு வாரமாவது இப்படி இருக்கட்டும். இரு பக்கமும் வலையோரத்தில் ஒரே நேரத்தில் புல் வையுங்கள். ஒன்று படுத்த வைக்கோலை மற்றதன் பக்கம் மாற்றிப் போடுங்கள். மணம் பழகிவிடும்.

2. அடுத்து, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் சந்திக்க விடுங்கள். அயல்வீட்டு விறாந்தையின் ஒரு மூலையைப் பலகையால் அடைத்தாலும் சரி. வெயில் தாழ்ந்த பின், நாளொன்றுக்கு 10 நிமிடம். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

3. ஒன்றை ஒன்று சற்றுத் துரத்துவதும் மேலே ஏறுவதும் வழமை. காதைப் பின்னே மடித்து, வாலை நிமிர்த்திப் பாய்ந்தால் உடனே பிரியுங்கள். வெறுங்கையை நடுவில் நீட்டவேண்டாம். தடித்த துவாயையோ சாக்கையோ மேலே போடுங்கள். மறுநாள் நேரத்தைக் குறைத்துத் தொடங்குங்கள்.

4. அமைதியாக இருந்தால் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அருகருகே படுப்பதும் ஒன்றின் தலையை மற்றது நக்குவதும் நல்ல அறிகுறி. சில நாட்கள் சண்டையே இல்லாவிட்டால் மட்டும் ஒரே கூட்டில் விடுங்கள். அதற்கு முன் நடு வலையைக் கழற்றி, கூட்டை வினாகிரி கலந்த நீரால் கழுவி, புது வைக்கோல் போடுங்கள். அப்போது அது இரண்டுக்கும் புது இடம்.

கூட்டினுள்

நீர்ச்சட்டி இரண்டு, தீன் வைக்கும் இடம் இரண்டு. ஒளியும் பெட்டிக்கு இரு வாசல் வேண்டும்; ஒரே வாசலானால் துரத்தப்பட்டது உள்ளே அகப்பட்டுவிடும். கூடு, முயல் மூன்று துள்ளுத் துள்ளவும் காது முட்டாமல் எழுந்து நிற்கவும் போதுமானதாக இருக்கட்டும். அதற்கும் இடமில்லையெனில் நாள்தோறும் சில மணி நேரம் வெளியே ஓடவிடுங்கள். தகரக் கூரையானால் மேலே கிடுகு போடுங்கள். முயல் வெக்கையைத் தாங்காது.

ஒன்றை வைத்தியரிடம் கொண்டுசெல்லும்போது மற்றதையும் கூடவே கொண்டுசெல்லுங்கள். வேற்று மணத்தோடு தனியே திரும்பினால் அன்னியமாகிவிடும்.

சில சோடிகள் சில நாட்களில் சேரும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். சேராதவையும் உண்டு. எங்கள் கிடாய்கள் இரண்டும் கடைசிவரை சேரவில்லை. ஆனால் நடுவில் வலையடித்த அதே பெட்டியில், வலையின் இரு பக்கமும் அருகருகே படுத்துறங்கின. பிள்ளைகளில் எவரும் தம் முயலை இழக்கவில்லை.

பழகிய இடத்தை விட்டு வந்த உயிருக்குப் புது இடத்தில் பயம் இருக்கும். அதை அவசரப்படுத்தக் கூடாது என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.