கூட்டுறவுக் கடனும் அங்கத்தினர் பயிற்சியும்

விவசாயத்துக்கு நீரும் எருவும் விதையும் எவ்வளவு இன்றியமையாதனவோ, உரிய காலத்திற் கிடைக்கும் பணமும் அவ்வளவு இன்றியமையாததாகும். நாற்று முற்றிய பின் வந்து சேரும் கடனால் நடவு சிறவாது. ஆயினும், கடன் எளிதிற் கிடைத்துவிட்டால் மட்டும் குடியானவர் நிலை உயர்ந்துவிடும் எனக் கருதுதல் பிழையாம். கடனைப் பயன்படுத்தவும், திருப்பிச் செலுத்தவும், சங்கத்தின் கணக்கைச் சோதிக்கவும் அங்கத்தினர் பயின்றாலன்றிச் சங்கம் நிலைபெறாது.

சங்கங்களின் வரலாறு

ஜெர்மனி தேசத்தில் 1846-47-ல் பஞ்சம் உண்டானபோது, ரெய்பீஸன் என்னும் ஊர்த்தலைவர் செல்வர்களிடம் பொருள் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். ஈகையை மட்டும் நம்பிய சங்கங்கள் நீடித்து நில்லா என்பதைப் பின்னர் அநுபவத்திற் கண்டார். ஆகவே 1864-ல், கடன் பெறுவோரே அங்கத்தினரும் பொறுப்பாளிகளுமாக அமைந்த சங்கத்தை ஹெடெஸ்டோர்ப் என்ற ஊரில் ஏற்படுத்தினார். ஒருவர் பட்ட கடனுக்கு யாவரும் பொறுப்பு. ஆதலின் கடன் எதற்காக வாங்கப்படுகிறது என்பதை ஒவ்வொருவரும் கவனித்தனர்.

சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்ஸன் 1895, 1897 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கையில், இம்முறையே இந்நாட்டுக்கு ஏற்றதெனக் கூறினார். 1904-ல் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே, அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில், மாகாணத்தின் முதல் விவசாய நாணய சங்கம் பதிவு செய்யப்பட்டது.

எனினும் தொடக்கத்தில் கொண்ட நம்பிக்கை முழுதும் நிறைவேறவில்லை. 1929-க்குப் பின் விளைபொருள் விலை வீழ்ந்தபோது, பல சங்கங்களில் தவணை கடந்த பாக்கி பெருகிற்று. 1951-52-ல் ரிசர்வ் பாங்கு நடத்திய விசாரணையில், இந்திய விவசாயிகள் வாங்கிய கடனில் நூற்றுக்குச் சுமார் 3 பங்கே கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கிடைத்தது என்று தெரிந்தது. பெரும்பகுதியை லேவாதேவிக்காரர்களே கொடுத்து வந்தனர்.

அங்கத்தினர் அறியவேண்டுவன

1. வட்டிக் கணக்கு. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்பது சிறு தொகையாகத் தோன்றும். அது ஆண்டுக்கு 24 வீதமாகும். 50,000 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 12,000 ரூபாய். அதே தொகையை ஆண்டுக்கு 7 வீதத்திற் பெற்றால் வட்டி 3,500 ரூபாயே. மிச்சமாகும் 8,500 ரூபாய் அடுத்த பட்டத்தின் விதைக்கும் எருவுக்கும் உதவும்.

2. கடனின் அளவு. ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு கடன் என்று மாவட்டந்தோறும் தொழில்நுட்பக் குழு நிர்ணயிக்கிறது. அவ்வளவைக் கேட்டறிந்து, பயிர்ச் செலவுக்கு வேண்டிய அளவே வாங்குதல் நன்று. பயிருக்கென வாங்கிய பணத்தைக் கலியாணத்திற் செலவிட்டால், அதைத் திருப்பித்தர விளைச்சல் எங்கிருந்து வரும்?

3. தவணை. தை மாதம் அறுவடையாகும் சம்பாவுக்கு மார்கழியில் தவணை வைப்பது, குடியானவரை மீண்டும் லேவாதேவிக்காரரிடம் அனுப்புவதேயாம். அறுவடையாகி விளைபொருள் விலைபோகும் காலத்தை ஒட்டியே தவணை அமைதல் வேண்டும்.

4. சங்கக் கணக்கு. பணம் செலுத்தியவுடன் ரசீது பெற்று, பாஸ் புத்தகத்தில் வரவு வைக்கப்பட்டதா என்று பார்த்தல் வேண்டும். மகாசபையில் வரவு செலவும் பாக்கி ஜாபிதாவும் படிக்கப்படுங்கால், விளங்காததைக் கூசாமற் கேட்டல் வேண்டும். கேள்வி கேட்பாரில்லாத சங்கத்தில், ஒருவர் பெயரில் மற்றொருவர் கடன் வாங்கும் கேடு எளிதில் நுழையும்.

கிராமத்தார் கடமை

நிலச்சுவான்தார்கள் தமக்கு வேறிடத்திற் கடன் கிடைக்குமென்று சங்கத்தை அலட்சியம் செய்தலாகாது. பஞ்சாயத்தாராக வருவோர் தாம் வாங்கிய கடனை முதலிற் செலுத்திக் காட்டினால், பிறர் தாமே பின்பற்றுவர். கிராம உத்தியோகஸ்தர்கள் சிட்டா, அடங்கல் நகல்களைக் காலத்திற் கொடுத்தால், கடன் நடவுக்கு முன் கைக்கு வரும். ஒரு வாரத் தாமதம் ஒரு பட்டத்தையே கெடுக்கக்கூடும். எழுதப் படிக்கத் தெரிந்தோர் மாதம் ஒரு மாலை ஊர்ச் சாவடியிற் கூடி, ஏனையோருக்குப் பாஸ் புத்தகத்தை வாசித்துக் காட்டினால் அதுவே சிறந்த பயிற்சியாகும்.

சங்கத்தின் உண்மையான மூலதனம் பெட்டியிலுள்ள பணமன்று. அங்கத்தினரின் நாணயமும் அறிவுமேயாம். அவை உள்ள ஊரில் சங்கம் தழைக்கும். சங்கம் தழைத்த ஊரில் வட்டிக்காக நிலம் கைமாறுவது குறையும்.