ஒரு ரூபாய்த் தீப்பெட்டியும் நூறு நாள் தண்டலும்

சிறுதொழில் நொடித்துப்போனால் எல்லோரும் சொல்லும் காரணம் ‘யாவாரம் இல்லை’ என்பதுதான். யாவாரம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே மூடிய தொழில்கள் ஏராளம். சரக்கு போகும், வண்டி வரும், கல்லாவில் மட்டும் காசு தங்காது. பெரும்பாலும் அதற்குப் பின்னால், யாரும் கணக்குப் போட்டுப் பார்க்காத சில நம்பிக்கைகள் இருக்கும்.

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களில் இந்த நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். மழையை நம்பிய வெள்ளாமை கைவிடும் ஆண்டுகளில் குடும்பங்களைத் தாங்குவது ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று இங்கே சொல்லப்படும் தீப்பெட்டிப் பட்டறை, கடலைமிட்டாய்க் கம்பெனி, மாவு மில், தையல், பெட்டிக்கடை என்று சின்னச்சின்னத் தொழில்கள்தான்.

“விலையை ஏற்றினால் வாங்குகிறவர் போய்விடுவார்”

இந்த நம்பிக்கை பொய் என்பதற்குத் தீப்பெட்டியை விடப் பெரிய சாட்சி இல்லை. 2007இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாயான தீப்பெட்டி, 14 ஆண்டுகள் அதே ஒரு ரூபாயிலேயே நின்றது. அதற்குள் கூலி ஏறியது. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை எல்லாம் ஏறின. 2021இல் 600 பெட்டி கொண்ட ஒரு பண்டல் தயாரிப்பாளரிடமிருந்து 270 முதல் 300 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அதாவது பெட்டிக்கு அரை ரூபாய்க்கு மேல் கிடைக்கவில்லை. ‘நாம் ஏற்றினால் பக்கத்து ஆபீஸ்காரர் பழைய விலைக்குக் கொடுத்து ஆர்டரைப் பிடித்துவிடுவார்’ என்ற பயம் ஒவ்வொருவரையும் கட்டிப்போட்டிருந்தது. கடைசியில் தயாரிப்பாளர் சங்கங்கள் சிவகாசியில் கூடிப் பேசி, 2021 டிசம்பர் 1 முதல் பெட்டி 2 ரூபாய் என்று அறிவித்தன. பண்டல் விலையை 430 முதல் 480 வரை உயர்த்துவதும் அந்த முடிவில் அடங்கும்.

விலை இரண்டு மடங்கானதற்காக எந்த வீட்டிலும் விளக்கேற்றாமல் இருக்கவில்லை. தீப்பெட்டிக்கு உண்மையான ஆபத்து வேறு பக்கம் இருந்தது: வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய மலிவு லைட்டர். தயாரிப்பாளர்களின் நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு, 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்தது. அடக்கவிலை ஏறும்போது விற்பனை விலையையும் சிறிது சிறிதாக ஏற்றிவரும் தொழில் பிழைக்கிறது. பதினான்கு ஆண்டு பொறுத்திருந்து ஒரே நாளில் இரட்டிப்பாக்க வேண்டிய நிலைக்குப் போவதற்குள் எத்தனையோ சிறு ஆபீஸ்களுக்கு மூச்சு முட்டிவிடும்.

“சரக்கு விலை போக மிச்சமெல்லாம் லாபம்”

சிறுதொழிலில் மிக அதிகப் பணத்தைத் தின்னும் நம்பிக்கை இது. கடலைமிட்டாய் போடும் ஒரு வீட்டுக் கம்பெனியின் ஒருநாள் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்த்தாலும் முடிவு இதே திசையில்தான் போகும்.

நிலக்கடலைப் பருப்பு 25 கிலோ, கிலோ 130 வீதம் 3,250 ரூபாய். வெல்லம் 15 கிலோ, 60 வீதம் 900. ஆக 4,150 ரூபாய்க்கு 40 கிலோ. கிலோ அடக்கம் 104 என்று உரிமையாளர் மனக்கணக்குப் போடுகிறார். மொத்தக் கடைக்கு 170க்குக் கொடுத்தால் கிலோவுக்கு 66 லாபம் என்று நிம்மதியாகத் தூங்குகிறார்.

ஆனால் வறுபட்ட கடலையைத் தேய்த்துப் புடைக்கும்போதே தொலி பறக்கிறது, ஈரம் போன எடையும் போகிறது. பாகைப் பதம் பார்த்து இறக்கி, கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பிக் கட்டையால் உருட்டி, சூடு ஆறுவதற்குள் வெட்டுகிறார்கள். வெட்டும்போது ஓரத்தில் உதிர்வது தூளாகிறது. எல்லாம் போக விற்கத் தகுந்தது 37 கிலோ என்று வைத்தால், சரக்கின் அடக்கமே கிலோவுக்கு 112 ஆகிவிடுகிறது. இரண்டு பேர் கூலி 1,000. உறையும் ஒட்டுத்தாளும் 370. அடுப்புச் செலவு 300. வாடகை, கரண்ட், கடன் வட்டி சேர்த்து நாளுக்கு 250. இதுவரை யாரும் எழுதாத வரி ஒன்று இருக்கிறது. காலை நான்கு மணிக்கு எழுந்து பாகு காய்ச்சும் உரிமையாளரின் உழைப்பு. அதற்கு 600. மொத்தம் 6,670. கிலோவுக்கு 180 ரூபாய்க்குச் சற்று மேல்.

66 ரூபாய் லாபம் என்று நினைத்த இடத்தில் 10 ரூபாய் நட்டம். கடை இன்னும் நடப்பதற்குக் காரணம் உரிமையாளர் தன் கூலியை எடுக்காமல் விட்டிருப்பதுதான். உரிமையாளரின் கூலியை அடக்கத்தில் சேர்க்காத தொழில், அவருக்குக் காய்ச்சல் வந்த வாரமே நின்றுவிடும். இந்த ஒரு வரியைத் தனியாக எழுதிவைக்கும் பழக்கம் மட்டும் வந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

“தள்ளுபடி கொடுத்தால் அளவில் எடுத்துவிடலாம்”

அதே மிட்டாயை 210க்கு விற்றால் கிலோவுக்கு 30 லாபம். பத்து சதவீதம் தள்ளினால் போவது 21 ரூபாய், மிஞ்சுவது 9. பழைய லாபத்தைத் தொட மூன்று மடங்குக்கு மேல் விற்க வேண்டும். வாடகை போன்ற நிலைச்செலவு பரவும் என்பதால் கொஞ்சம் குறையலாம். கடலையும் கூலியும் உறையும் விற்பனையோடு சேர்ந்தே ஏறும் என்பதால் அதிகம் குறையாது. நாள்பட்ட சரக்கைத் தள்ளுவதற்கு மட்டும் தள்ளுபடி சரி.

“கடனுக்குக் கொடுத்தால்தான் யாவாரம் நிலைக்கும்”

கடன் கொடுப்பதை அடியோடு நிறுத்த முடியாது என்பது உண்மை. அந்தக் கடனுக்கும் ஒரு விலை உண்டு என்பதுதான் மறந்துபோகிறது. நாளொன்றுக்கு 10,000 ரூபாய் சரக்கை 60 நாள் தவணையில் அனுப்பினால், எந்த நேரமும் 6 லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். அந்தப் பணத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 12,000 வட்டி. வாங்கிய கடைக்காரருக்காக விற்றவர் கட்டும் வட்டி அது.

இதற்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை அரசின் இணையதளத்திலேயே பதியலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். ஆகவே பெரிய நிறுவனங்களுக்குச் சரக்குப் போடுவோர், பில்லிலேயே சிறுதொழில் பதிவான ‘உத்யம்’ எண்ணை அச்சிடுவது நல்லது. இந்தப் பாதுகாப்பு உற்பத்தி செய்வோருக்கும் சேவை தருவோருக்கும்தான். வாங்கி விற்கும் கடைகளுக்குப் பொருந்தாது. அவர்களுக்குக் கடன் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு உச்சவரம்பு போட்டு, அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே வழி.

“தண்டலில் வட்டி நூற்றுக்குப் பதினைந்துதானே”

பத்தாயிரம் தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பதினைந்து சதவீதம் என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போகத் தொடங்குவதால், சராசரியாகக் கையில் இருக்கும் பணம் ஏறக்குறைய 4,250 மட்டுமே. அதற்கு 100 நாளில் 1,500 என்றால் 35 சதவீதம். ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். எந்த மிட்டாய்க் கம்பெனியின் லாபமும் இதற்கு ஈடுகொடுக்காது.

‘சொத்து இல்லாதவருக்கு பேங்க் கொடுக்காது’ என்பதும் முழு உண்மையல்ல. குறு, சிறு தொழில்களுக்கான 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான சிசு கடனும் உண்டு. நடைமுறையில் வங்கி அதிகாரி கேட்பது கணக்கில் வந்துபோன பணத்தின் வரலாறு. கல்லாக் காசை ஓராண்டாவது வங்கிக் கணக்கு வழியே புழங்கவிட்டவருக்குப் பேச்சு எளிதாகும்.

“பதிவு செய்தால் வரி வந்துவிடும்”

பதிவும் வரியும் வேறு வேறு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு இலவசம். அதற்கென்று பணம் கேட்கும் இணையதளங்கள் இடைத்தரகர்களுடையவை. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனால் மிட்டாய், தீப்பெட்டி போன்ற சரக்கை வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிய வேண்டும். தின்பண்டம் செய்வோருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் தேவை.

“புவிசார் குறியீடு வந்துவிட்டது, இனி சரக்கு தானே போகும்”

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உரிமை பெற்றிருப்பது உற்பத்தியாளர் சங்கம். தனி ஆள் அந்த முத்திரையைப் பயன்படுத்தத் தம்மையும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். தொழிற்கூடம் குறியீட்டின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சங்கரன்கோவில் வட்டத்திலிருந்து கோவில்பட்டி வட்டத்துக்கு மாறிய இளையரசனேந்தல் போன்ற ஊர்க்காரர்களுக்கு இது வெறும் தாள் விவகாரம் அல்ல. குறியீடு மற்றவர் அந்தப் பெயரைத் திருடாமல் தடுக்கும். பிசுபிசுத்த மிட்டாயை அது விற்றுத் தராது.

“இடம் பெரிதானால் லாபமும் பெரிதாகும்”

பெரிய கூடம் எடுத்தால் முதலில் பெரிதாவது வாடகை. கரிசல் காட்டில் தீப்பெட்டித் தொழில் வேர்பிடிக்க ஒரு காரணம் காய்ந்த வானிலை. மருந்து தோய்த்த குச்சி உலர வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குச்சி காயாது, கடலைமிட்டாயிலும் ஈரம் ஏறும். அந்த மாதங்களில் வேலை குறைந்தாலும் வாடகையும் தவணையும் குறைவதில்லை. ஆகவே விரிவாக்கத்துக்கு முன், இரண்டு மழை மாதச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவைத்திருக்கிறோமா என்று பார்ப்பது முறை. இருக்கும் கூடத்தில் இரண்டாவது ஷிப்ட் ஓட்டிப் பார்த்து, அந்தக் கூடுதல் சரக்கு கைக்காசுக்கு விற்கிறதா என்று ஒரு பருவம் முழுக்கக் கவனித்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.