காலடியில் ஒரு பாடம்: மலாக்காவின் கல்லும் மண்ணும்

இந்த மாதப் பாடம் ஒரு மண்சரிவில் தொடங்குகிறது.

நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். போன வருடக் கடைசி மழையில், எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் வெட்டிவிட்டிருந்த மேடு இரவோடு இரவாகச் சரிந்து இறங்கியது. மடப்பள்ளிச் சுவர் விழுந்தது. நல்ல வேளை, ஆள் இல்லாத நேரம். ஆனால் முதல் நாள் மாலைதான் எங்கள் கிளைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அந்தச் சுவரை ஒட்டி உட்கார்ந்து தேவாரம் பழகிவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தபோது என் பாட்டி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த எடம் எப்பவும் கசிஞ்சிக்கிட்டேதான்டா இருக்கும். நாங்க மரம் வெட்டுன காலத்துலயே அங்க மட்டும் காலு வழுக்கும். யாரு எங்களக் கேட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. மேட்டை வெட்டுவதற்கு அளவெடுத்துக் கொடுத்தவன் நான்தான். மண் இயக்கவியலில் எனக்கு நல்ல மதிப்பெண். அந்தக் கசிவை நானும் பார்த்தேன். மழைத்தண்ணி என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். அதற்குப் பிறகுதான் லீவு நாட்களில் மோட்டாரை எடுத்துக்கொண்டு கல்லையும் மண்ணையும் பார்க்கக் கிளம்பினேன். புவியியலாளராக வேண்டும் என்றில்லை. ஆர்வமும் ஒரு நோட்டும் போதும். நான் பார்த்ததை உங்களோடு பகிர்கிறேன்.

முதல் நிறுத்தம்: கோட்டை வாசல்

ஆ ஃபமோசா கோட்டை வாசலில் எல்லாரும் படம் எடுத்திருப்போம். அடுத்த முறை படம் எடுத்த பிறகு கல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். துருப்பிடித்த இரும்பு நிறம், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். இதுதான் லேட்டரைட். தமிழில் செம்பூராங்கல் என்கிறோம்.

வெயிலும் மழையும் மிகுந்த நம்மைப் போன்ற நாடுகளில், பாறை பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கி மண்ணாகிறது. மழைநீர் கரையக்கூடிய சத்துகளை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். அந்த இரும்புதான் தோட்டத்துச் சடக்கின் சிவப்பு. மழைக்காலத்தில் வெள்ளைச் சட்டையில் பட்டால் போகாத அதே சிவப்பு. மண்ணுக்குள் இருக்கும்வரை இதைக் கருவியால் வெட்டி எடுக்கலாம். வெளியே எடுத்துக் காற்றுப்பட வைத்தால் இறுகிக் கெட்டியாகிவிடும். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் கோட்டை கட்ட இந்தக் கல்லைப் பயன்படுத்தியது இதனால்தான்.

லேட்டரைட் என்ற பெயரின் கதை நம்ம ஊர்ப் பக்கத்துக் கதை. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஃபிரான்சிஸ் புக்கானன் 1800இல் மெட்ராஸிலிருந்து புறப்பட்டு மைசூர், மலபார் வழியாகப் பயணம் செய்தார். இன்றைய கேரளத்து அங்காடிப்புரம் பகுதியில் மக்கள் இந்தக் கல்லை வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்தார். அங்குள்ளவர்கள் அதைச் செங்கல்-கல் என்ற பொருளில் அழைப்பதையும் குறித்துக்கொண்டார். இலத்தீனில் செங்கல்லுக்கு 'லேட்டர்' என்று பெயர். அதிலிருந்து 'லேட்டரைட்' பிறந்தது. உலகம் முழுக்க விஞ்ஞானிகள் சொல்லும் பெயருக்குப் பின்னால், கல் வெட்டிய ஊர்மக்களின் பேச்சு இருக்கிறது.

புக்கானனின் புத்தகம் 1807இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில்தான் ஆங்கிலேயர் மலாக்காக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தமிழும் கற்ற மலாக்காக்காரர் முன்ஷி அப்துல்லா, சிறுவயதில் கண்ட அந்தத் தகர்ப்பைத் தம் 'ஹிக்காயாட் அப்துல்லா'வில் எழுதியிருக்கிறார். கல்லுக்கு அறிவியல் பெயர் வந்த சமயத்தில் கல்கோட்டை போய்விட்டது. மிஞ்சியது இந்த ஒரு வாசல்.

இரண்டாம் நிறுத்தம்: எங்கள் மேடு

இப்போது சரிந்த மேட்டுக்கு வருவோம். மேலே ஒரு ஆள் உயரத்துக்குச் செம்பூராங்கல் சரளை. ஓட்டை நிறைய இருப்பதால் மழைநீர் சுலபமாக உள்ளே இறங்கும். அதற்குக் கீழே, முழுதாக மக்கிய பாறையின் களிமண்: வெள்ளை, மஞ்சள், சிவப்பு கலந்து புள்ளி புள்ளியாக. இதில் நீர் எளிதில் இறங்காது. மேலிருந்து வந்த நீர் இரண்டுக்கும் நடுவில் தேங்கி, பக்கவாட்டில் வழி தேடும். பாட்டி சொன்ன வழுக்கல் அந்தக் கோடுதான்.

இயற்கையான சரிவில் அடிவாரத்து மண் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இடம் பெரிசாக வேண்டுமென்று நாங்கள் அந்த முட்டை வெட்டி எடுத்துவிட்டோம். தொடர்மழையில் நீரின் அழுத்தம் ஏறியது; மண்துகள்களின் பிடி தளர்ந்தது; மேடு இறங்கியது. இதற்கான சூத்திரத்தைத் தேர்வில் நான் எழுதியிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் இருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பர் 16இல் பத்தாங் காலி முகாம் தளத்தில் நிலம் சரிந்து 31 உயிர்கள் போயின. முகாம் நடத்தும் இயக்கத்தினரான நாம் இதை மறக்கக்கூடாது.

முகாம் தளத்திலோ கோயில் மேட்டிலோ பார்க்க வேண்டிய அடையாளங்கள்:
• மழை நின்ற பிறகும் சரிவின் நடுவில் கசிவு
• மேட்டின் உச்சியில் புதிதாக நீள வெடிப்பு
• சாய்ந்து நிற்கும் மரங்கள், கம்பங்கள்
• அடிவாரம் புடைத்துக்கொண்டு வருவது
• தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கி வருவது

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆட்களை நகர்த்துங்கள். அப்புறம் பேசலாம்.

மூன்றாம் நிறுத்தம்: காடேக் வெந்நீர் ஊற்று

அலோர் காஜா பக்கத்தில் காடேக், ஜாசின் பக்கத்தில் பெம்பான். இரண்டு இடத்திலும் வெந்நீர் ஊற்று உண்டு. "கீழ எரிமலை இருக்கா அண்ணா?" என்று கிளைத் தம்பி ஒருவன் கேட்டான். இல்லை. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழமாக இறங்கி, சூடாகி, வேறொரு வெடிப்பு வழியே வேகமாக மேலே வந்தால் அதுதான் வெந்நீர் ஊற்று. மழைநீர் 27 டிகிரியில் இறங்கி ஒரு கிலோமீட்டர் ஆழம் போனால் எவ்வளவு சூடாகும்? காலை நனைத்துக்கொண்டே கணக்குப் போடச் சொன்னேன். பிள்ளைகள் 'ஐம்பதுக்கு மேல' என்று கத்தினார்கள். வகுப்பறையில் இவ்வளவு சத்தம் வராது.

நான்காம் நிறுத்தம்: லேடாங் அடிவாரம்

1,276 மீட்டர் உயர லேடாங் மலை கருங்கல்லால், அதாவது கிரானைட்டால் ஆனது. உச்சி ஜொகூரில் இருக்கிறது. நம் பக்கத்தில் ஆசாஹான் அருவி. அங்கே ஒரு கல்லின் புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள். கண்ணாடி போல் மினுங்குவது குவார்ட்ஸ், மங்கிய வெள்ளையாகத் தட்டையாக இருப்பது ஃபெல்ட்ஸ்பார், கருப்பாகப் பளபளப்பது மைக்கா. மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிசாக இருந்தால், அந்தக் குழம்பு பூமிக்குள் மெதுவாகக் குளிர்ந்தது என்று பொருள். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் கடைசிப் பகுதியில் ஆழத்தில் உறைந்த பாறை இன்று நம் தலைக்கு மேலே நிற்கிறது. ஃபெல்ட்ஸ்பார் மக்கினால் களிமண். குவார்ட்ஸ் மக்காமல் ஆற்று மணல். நம் காலடிக் களிமண்ணில் நிறைய இப்படிப் பிறந்ததுதான்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை 272 படி ஏறுகிறோமே, அது வேறு வகை: சுண்ணாம்புப்பாறை. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. மழைநீரின் மெல்லிய அமிலம் அதைக் கரைத்துக் கரைத்துக் குகை ஆக்கியது.

எங்கே கற்றுக்கொள்ளலாம்?

மலேசியப் புவியியல் சங்கம் 1967இல் தொடங்கியது. உரைகளும் களப்பயணங்களும் நடத்துகிறது; மாணவர்களும் உறுப்பினராகலாம். அதன் 'வார்த்தா கியோலோஜி' இதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். கனிம, புவி அறிவியல் துறையின் புவியியல் அரும்பொருளகம் ஈப்போவில் உள்ளது. குழுவாகப் போவதென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். லங்காவி 2007இல் உலகப் புவிப்பூங்கா ஆனது. தென்கிழக்கு ஆசியாவில் அதுதான் முதல். அக்டோபர் 6 அனைத்துலகப் புவிப்பன்மய நாள். கிளை நிகழ்ச்சிக்குப் பொருத்தமான தேதி. இதை வேலையாகவே செய்ய விரும்பும் தம்பி தங்கைகளுக்கு: 2008ஆம் ஆண்டு புவியியலாளர் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் இது பதிவு பெற்ற தொழில்.

கையில் எடுத்துச் செல்ல: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், நோட்டு, பென்சில், ஒரு இரும்பு ஆணி, காந்தம், சின்னப் புட்டியில் வினிகர். ஆணியால் கீற முடிந்தால் கல் மென்மை. குவார்ட்ஸில் கீறல் விழாது. வினிகர் விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. வீட்டில் சிப்பியில் செய்து பாருங்கள்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை: கோட்டைக் கல்லில் ஆணி, வினிகர் எதுவும் வேண்டாம், கண்ணும் லென்ஸும் போதும், மலாக்கா நகரம் 2008இலிருந்து உலகப் பாரம்பரியத் தலம். கல்லுடைக்கும் குவாரிக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். இடி மின்னலில் மேட்டில் நிற்காதீர்கள். அருவியில் நீர் கலங்கி வந்தால் உடனே கரை ஏறுங்கள்.

கிளையில் செய்து பார்ப்போம்

1. உங்கள் தோட்டம் அல்லது தாமானின் படம் வரையுங்கள். சிவப்பு மண், வெள்ளைக் களிமண், பாறை, ஊற்று, கிணறு எங்கே என்று குறியுங்கள்.
2. அந்த இடத்தில் வேலை செய்த மூத்தவர் ஒருவரை அழைத்து நடக்கச் சொல்லுங்கள். எங்கே நீர் நிற்கும், எங்கே கால் வழுக்கும், எந்தக் கிணறு வற்றாது என்று கேட்டு எழுதுங்கள்.
3. அடுத்த முகாம் தளத்துக்கு மேலே சொன்ன ஐந்து அடையாளங்களையும் சரிபாருங்கள்.

இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். தோட்டங்கள் கைமாறுகின்றன, லயங்கள் காலியாகின்றன. அந்த மண்ணை மிதித்தே படித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இல்லை.

கோயில் நிர்வாகக் கூட்டத்தில் நான் எழுந்து, "அளவெடுத்தது நான்தான். கசிவைக் கவனிக்கவில்லை" என்று சொன்னேன். தலைவர் திட்டவில்லை. "அடுத்து என்னப்பா செய்யலாம்?" என்றுதான் கேட்டார். அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரைக் கூட்டி வந்தோம். புதுச் சுவர் தள்ளிக் கட்டப்பட்டது. பின்னால் சரளை நிரப்பி, நீர் வெளியேறக் குழாய்கள் வைத்தார்கள். குழாய் வைக்க வேண்டிய இடத்தைப் பொறியாளர் குறித்தபோது பாட்டியும் பக்கத்தில் நின்றார். "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் தம்பி" என்றார். தோண்டிப் பார்த்தோம். அங்கேதான் ஊற்று இருந்தது.